தொரசானி கன்னத்துத் துரு

பிரிட்ஜ் மேல் வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை உருவினேன். உருவின கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

"என்னா, பல்லியா?" ஹாலில் இருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது. பேப்பரை மடிக்கிற சத்தம் வரவில்லை.

"பல்லின்னா உங்கள எதுக்குக் கூப்புடுறேன்? நானே பாத்துக்க மாட்டேனா? வாங்கன்னா வாங்க."

வந்தார். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அட, துரு புடிச்சிருக்கே" என்றார். சாயங்காலம் மழை வரும்போல இருக்கு என்று சொல்கிற அதே குரல்.

எனக்கு அது மழை இல்லை, புயல்.

என் கையில் இருந்தது ஒரு பழைய பிஸ்கோத்து டப்பா. தகரம். ஒரு முழ நீளம்கூட இருக்காது. மூடியில் ஒரு படம் அச்சடித்திருக்கும். மரத்தடியில் ஊஞ்சல் கட்டி ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு ஆடுகிறாள். ரோஸ் கவுன், தலையில் தொப்பி, ஒரு கையில் குடை. ஊஞ்சல் ஆடும்போது எதுக்குக் குடை என்று கேட்கக் கூடாது, அது அவள் இஷ்டம். சுற்றிலும் ரோஜாக் கொடி. கொடிக்கு வெளியே தலைமுடி மாதிரி மெல்லிசாக ஒரு தங்கக் கோடு.

அந்த அழகியின் மேல் இப்போது அம்மை போட்ட மாதிரி பழுப்புப் புள்ளிகள். கவுனில், தொப்பியில், குடையில், பாவம், கன்னத்தில்கூட.

டப்பா எங்களுடையதாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். என் மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டு டப்பா அது. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா அதைத் திருப்பி வாங்க வருவதாக இருந்தது.

இஞ்சி தூக்கல்

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் வீட்டு மிக்ஸியைப் பற்றி எழுதினதைப் படித்துவிட்டு இவர் என்னிடம் மூஞ்சைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். இந்த வாரம் சம்பந்தியம்மாவைப் பற்றி எழுதுகிறேன். யார் யார் மூஞ்சைத் தூக்கப்போகிறார்களோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

என் மகள் ஷபீனா கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். ரத்தம், சிறுநீர் என்று நாள் முழுக்கச் சின்னச் சின்னக் குழாய்களோடு குடும்பம் நடத்துகிறவள். மாப்பிள்ளை இர்ஃபான் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. வீடு கதிர்காமம் பக்கம். தங்கமான பையன், சிரித்த முகம்.

அவன் அம்மா சுலைஹா அக்காதான் எனக்குப் புரியாத ஆள்.

பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு நான் வாய் ஓயாமல் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"இஞ்சி கொஞ்சம் தூக்கல்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அது பாராட்டா, குறையா? இவரைக் கேட்டால், "இஞ்சி தூக்கலாத்தான் இருந்துச்சு" என்கிறார். இவரிடம் கேட்டேன் பாருங்கள், என்னைச் சொல்லணும்.

பொண்ணு பிடித்திருக்கிறது என்று மறுநாள் போன் வந்தது. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை அந்த டப்பா வந்தது. அவர்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம். மருமகள் முடிவானதும் அந்த டப்பாவில் தம்ரூட் வைத்துப் பொண்ணு வீட்டுக்கு அனுப்புவார்கள். ரவையும் முட்டையும் நெய்யும் போட்டுச் செய்கிற இனிப்பு, வாயில் வைத்தால் கரையும். கல்யாணத் தேதி குறிக்கிற அன்றைக்கு டப்பா திரும்பிப் போகணும். வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்புகிற பழக்கம் நம் பக்கத்தில் ஏது? நாங்கள் நன்கத்தாய் பிஸ்கோத்து சுட்டு நிரப்பிக் கொடுக்கணும்.

டப்பா சைகோனில் இருந்து வந்ததாம். அந்தக் காலத்தில் நம் புதுச்சேரிக்காரர்கள் சைகோனுக்கு வியாபாரத்துக்குப் போனார்களே, அப்படிப் போன அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருத்தர் கப்பலில் கொண்டுவந்தது. ஊஞ்சல்காரிக்கு அந்த வீட்டில் 'தொரசானி' என்று பேர்.

சுலைஹா அக்கா டப்பாவை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் கொடுத்தார்.

"எங்க மாமி என் கையில கொடுத்தது. பத்திரம். டப்பா திரும்பட்டும், தேதி பேசிக்கலாம்."

பொண்ணைப் பெற்றவளுக்கு நகை, சீர், மண்டபம் எல்லாம் அப்புறம். முதலில் ஒரே ஒரு கேள்விதான். என் பொண்ணு அந்த வீட்டில் ஏதாவது தப்பு செய்துவிட்டால், செய்யத்தானே செய்வாள், மனுஷிதானே, அப்போது இந்த அம்மா அவளை எப்படி நடத்துவார்? அதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. இப்போது பொண்ணு அங்கே போகிறதுக்கு முன்னாலேயே நான் தப்பு செய்து வைத்துவிட்டேன்.

எதையும் கழுவுகிற கை

துரு எப்படி வந்தது? நான் கழுவினேன், வந்தது.

பால் பாக்கெட்டைக்கூட சோப்புப் போட்டுக் கழுவித்தான் உள்ளே வைப்பேன் நான். பெரிய மார்க்கெட்டில் இருந்து வருகிற தேங்காய்க்கு எங்கள் வீட்டில் குளியல் உண்டு. தம்ரூட் தீர்ந்ததும் நெய்ப் பிசுக்கோடு டப்பாவை வைக்க மனசு வருமா? சோப்புத் தண்ணீரில் நன்றாக முக்கி எடுத்தேன். துடைத்தேன். தூசி படக்கூடாதே என்று பிளாஸ்டிக் கவரைப் போட்டு இறுக்கிக் கட்டி பிரிட்ஜ் மேல் வைத்தேன். என்னைவிடப் பொறுப்பான ஆள் ஊரில் உண்டா என்று பெருமை வேறு.

அது அடைமழைக் காலம். எங்கள் வீடு கடலுக்கு ரொம்பக் கிட்டே. எங்கள் தெருவில் ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்த கை காய்வதற்குள் துரு வந்துவிடும். அந்தக் காற்றில், மடிப்பில் ஈரம் தங்கின தகரத்தை பிளாஸ்டிக்குக்குள் கட்டி வைத்தால் அது வேர்க்காமல் என்ன செய்யும்?

"தொடச்சுட்டு அப்படியே தொறந்து வச்சிருந்தாப் போதும்மா" என்றாள் ஷபீனா, வேலை முடிந்து வந்து டப்பாவைப் பார்த்ததும்.

"இப்ப சொல்லு, நல்லா வக்கணையா."

பவுடர் டப்பாவின் தியாகம்

எனக்கு உடனே தோன்றினது புளி. நம் வீடுகளில் உலோகம் என்று எது கண்ணில் பட்டாலும் கை தானாகப் புளி ஜாடிக்குத்தான் போகும். பித்தளையா, புளி. செம்பா, புளி. புளியும் உப்பும் சேர்த்து நான் ஒரு தேய் தேய்த்தேன் என்றால் குத்துவிளக்கு கண்ணைக் கூசும். தொரசானி மட்டும் என்ன விதிவிலக்கா? புளியை ஊறப்போட்டேன்.

இவர் பரணில் ஏறி உப்புத்தாளை எடுத்துவந்தார். "மேலாக்க ரெண்டு இழுப்பு இழுத்தா துரு ஓடிடும்."

ஷபீனா இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். "ரெண்டு பேரும் கைய எடுங்க. இதுல இருக்கிறது படம். தகரத்து மேல மெல்லிசா மை. துருவத் தேக்கிறோம்னு அவ மூஞ்சத் தேச்சிடாதீங்க. மொதல்ல வேற எதுலயாவது பாக்கலாம்."

எங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியில் ஒரு பழைய பவுடர் டப்பா இருந்தது. சாமந்திப்பூப் படம் போட்டது, ஓரமெல்லாம் துரு. அதைக் கொண்டுவந்து நடுவில் வைத்தோம்.

புளியை வைத்து நான் மெதுவாகத்தான் தேய்த்தேன், சத்தியமாக. துரு போனது. கூடவே ஒரு சாமந்திப்பூவும் போனது. அந்த இடத்தில் தகரம் பளபளவென்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

"பித்தளையா இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்" என்றேன். வேறென்ன சொல்ல?

இவர் உப்புத்தாளால் இரண்டே இழுப்பு இழுத்தார். பூவும் இல்லை, இலையும் இல்லை, பவுடர் கம்பெனியின் பேரில் பாதியும் இல்லை. அப்புறம் பைக்கை எடுத்துக்கொண்டு போய் ஏதோ துரு எடுக்கிற திரவம் என்று ஒரு பாட்டில் வாங்கிவந்தார். மூடியைத் திறந்ததும் வீடே மூக்கைப் பிடித்தது. ஒரு சொட்டு விட்டார். பெயின்ட் தோசை மாதிரி குமிழ் குமிழாக எழும்பியது. பாட்டிலைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு, கையை மூன்று தரம் கழுவிவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் அதற்கப்புறம் ஒரு யோசனையும் சொல்லவில்லை.

எதிர்வீட்டு சொல்தா

தேய்த்துக் கெடுத்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. நான் பாவாடை சட்டை போட்ட காலத்தில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வருஷா வருஷம் பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான பதினாலு ஜூலை கிட்டே வந்தால் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மெடல்களை எடுத்துப் பல்பொடி வைத்துத் தேய்க்க ஆரம்பிப்பார்.

அதில் ஒரு மெடலின் நடுவில் நீலமும் வெள்ளையுமாக எனாமல் பூச்சு. அவர் தேய்க்கிற தேய்ப்பைப் பார்த்து அவர் சம்சாரம் உள்ளேயிருந்து "தூஸ்மான்! தூஸ்மான்!" என்று கத்துவார். பிரெஞ்சில் மெதுவா, மெதுவா என்று அர்த்தம். அவர் கேட்கிற ஆளா? வருஷத்துக்கு வருஷம் நீலம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு ஜூலையில் பார்த்தால் நீலமும் இல்லை, வெள்ளையும் இல்லை. வெறும் வில்லை.

ஆனால் பளபளப்பு இருந்ததே! அதைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார் மனுஷர். "எப்படி மின்னுது பாத்தியா?" என்று என்னிடம் கேட்டார். மின்னியது, பொய் சொல்லக் கூடாது.

ஷபீனாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "நல்லவேள, தொரசானி அவர் கையில மாட்டல" என்றாள்.

ஒரு சொட்டு எண்ணெய்

சனிக்கிழமை அவளுக்கு லீவு. காலை வெளிச்சம் நன்றாக விழுகிற ஜன்னல் பக்கத்தில் மேஜையைப் போட்டோம். பழைய துண்டு ஒன்றை விரித்து அதன் மேல் டப்பாவை வைத்தோம். பக்கத்தில் காது குடைகிற பஞ்சுக் குச்சி ஒரு கட்டு, பல் குத்துகிற மரக்குச்சி, என் தையல் மெஷின் எண்ணெய். அவ்வளவுதான் சாமான்.

முதலில் மெத்தென்ற பிரஷ்ஷால் தூசி தட்டினாள். அப்புறம் குச்சி முனையில் எண்ணெயைத் தொட்டு, துருப்புள்ளி மேல் மட்டும் ஒரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னடி உக்காந்துட்ட?"

"ஊறணும்மா."

"எவ்ளோ நேரம்?"

"அதுக்கா தோணுற வரைக்கும்."

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இரண்டு தரம் எழுந்து அடுப்படிக்குப் போய்வந்தேன். ஊறின பிறகு புதுப் பஞ்சுக் குச்சியைப் புள்ளியின் மேல் வைத்து, அழுத்தாமல், விரலுக்குள் உருட்டினாள். தேய்க்கவில்லை, உருட்டினாள். பஞ்சில் செம்பழுப்பாகக் கறை ஏறியது. கறை ஏறின பஞ்சைத் தூக்கிப் போட்டு வேறு எடுத்தாள். அதே பஞ்சால் மறுபடி தொட்டால் துருத்தூளே படத்தைக் கீறிவிடுமாம். கெட்டியாக ஒட்டியிருந்ததை மட்டும் மரக்குச்சியின் மழுங்கின முனையால் தொட்டுத் தொட்டு விட்டாள். ஊசி கூடாது, பிளேடு கூடாது. தங்கக் கோட்டுப் பக்கம் போகும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

குடையில் இருந்த முதல் புள்ளி போய், அடியில் மஞ்சள் நிறம் அப்படியே இருந்ததைப் பார்த்ததும் நான் கை தட்டிவிட்டேன்.

அப்புறம் நானும் ஒரு குச்சியை எடுத்தேன். தொப்பி எனக்கு, கவுன் அவளுக்கு. அம்மாவும் பொண்ணுமாக இப்படி ஒரு மேஜையில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று! அவள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள், போனைப் பார்க்கிறாள், தூங்குகிறாள். அன்றைக்குக் கை வேலையாக இருந்ததால் வாய் தானாகத் திறந்தது.

"சுலைஹா மாமி ஏம்மா அவ்ளோ கம்மியாப் பேசறாங்க?"

"ஒனக்கு பயமா இருக்காடி?"

"எனக்கில்ல. ஒனக்குத்தான் பயமா இருக்கு. துருவப் பாத்த அன்னிலேருந்து ஒழுங்கா சாப்பிடவே இல்ல நீ."

"ஆமாண்டி, பயந்தான். நீ போற எடம். அவங்க மனசு எப்படின்னு எனக்குத் தெரியல." சொல்லிவிட்டேன். சொன்னதும் கண்ணில் தண்ணீர் முட்டியது. டப்பா மேல் விழுந்து தொலைக்கப்போகிறதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் முக்கால்வாசி முடிந்தது. கடைசியாக மிச்சம் இருந்தது கன்னத்துப் புள்ளி. மற்றதைவிடக் கொஞ்சம் பெரிசு, கொஞ்சம் கறுப்பு. ஷபீனா எண்ணெய் வைத்து, ஊறவிட்டு, உருட்டினாள். பஞ்சு கறுப்பாக வந்தது.

"இது வேற மாதிரி வருதும்மா. மேல கறுப்பா மை மாதிரி என்னமோ. அதுக்கு அடியிலதான் துரு இருக்கு."

"துருவுல கறுப்பும் உண்டு. நீ எடு."

எடுத்தாள். மை போனது, அடியில் இருந்த துருவும் போனது. உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி கடுகளவு பள்ளம். கன்னம் சுத்தமாகிவிட்டது. எண்ணெயைத் துடைத்து, மர பீரோவுக்குப் போடுகிற மெழுகை விரல் நுனியில் தொட்டு மூடி முழுக்க மெல்லிசாகப் பூசி, பனியன் துணியால் ஒத்தி எடுத்தாள். தொரசானி இப்போதுதான் குளித்துவிட்டு ஊஞ்சலுக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "புதுசு மாதிரி இருக்கு" என்று இவர் வாயாலேயே வந்தது.

எங்க பொட்டு?

சாயங்காலம் இர்ஃபான் வீடியோவில் கூப்பிட்டான். நான் அடுப்படியில் நன்கத்தாய்க்கு மாவு பிசைந்துகொண்டே காதை ஹாலில் வைத்திருந்தேன். எந்த அம்மா வைக்க மாட்டாள்?

ஷபீனா நடந்ததை ஒளிக்காமல் சொல்லி டப்பாவைக் காட்டினாள். "சூப்பர், சூப்பர்" என்றான். அப்புறம் குரல் மாறியது.

"ஏய், தொரசானி கன்னத்துல பொட்டு எங்க?"

"என்னா பொட்டு?"

"திருஷ்டிப் பொட்டு! எங்கம்மா கல்யாணமாகி வந்த புதுசுல, கண்ணு பட்டுடக் கூடாதுன்னு வச்சது. பாட்டி உசுரோட இருந்த வரைக்கும் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் அதத்தான் காட்டுவாங்க. அந்த டப்பாவ எங்கம்மா யாரையும் தொடைக்கக்கூட வுட மாட்டாங்க."

மாவுக் கையோடு நான் ஹாலுக்கு ஓடிவந்தேன். குழந்தைக்குக் கன்னத்தில் மை வைக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். என் மகளுக்கே எத்தனை தரம் வைத்திருப்பேன். வெள்ளைக்காரிக்கும் வைத்திருப்பார்கள் என்று எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று? டப்பா வந்த அன்றைக்கே அது இருந்திருக்கும், தம்ரூட்டைப் பார்த்த கண் அதைப் பார்க்கவில்லை.

புருவப் பென்சில்

போனை வைத்ததும் நான் ஷபீனாவின் மேக்கப் பையைத் திறந்தேன்.

"என்னம்மா தேடுற?"

"புருவப் பென்சில். இருந்த எடத்துலயே ஒண்ணு வச்சுட்டா முடிஞ்சுது. யாருக்குத் தெரியப் போவுது?"

"வைக்காத."

"ஷபீனா, வெளையாடாத. நாளைக்குத் தேதி குறிக்க வராங்க."

"நான்தான எடுத்தேன்? நானே சொல்லிக்கிறேன்."

"சொல்லி? மாமியார் வச்ச பொட்ட மருமக வர்றதுக்கு முன்னாடியே அழிச்சுட்டான்னு ஊர் பூரா பேசட்டும், அதானே?"

"வேணும்னா செஞ்சேன்? துருன்னு நெனச்சேன், எடுத்தேன். இதச் சொல்ல பயந்துக்கிட்டு ஒரு வீட்டுக்குப் போனா, அப்பறம் அங்க எல்லாத்துக்கும் பயந்துக்கிட்டே இருக்கணும். என்னால முடியாதும்மா."

"ஏங்க, நீங்களே கேளுங்க இவ பேசறத!"

இவர் பேப்பரைத் தாழ்த்தினார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ரெண்டு பேரு சொல்றதும் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கிக்கொண்டார். இந்த மனுஷரை வைத்துக்கொண்டு நான் ஒரு மகளையும் வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன், யாராவது எனக்கு ஒரு மெடல் கொடுக்கணும்.

பென்சிலை ஷபீனா வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். நான் கோபத்தில் நன்கத்தாயைக் கொஞ்சம் கருக்கிவிட்டேன். மறுபடி சுட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை

சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து சுலைஹா அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். இர்ஃபானும் அவனைப் பெற்ற அத்தாவும் பைக்கில் பின்னாலேயே வந்தார்கள். ஆண்கள் ஹாலில் மண்டபம், பந்தி என்று பேச ஆரம்பித்தார்கள். அக்கா உள்ரூமில் கட்டிலில் உட்கார்ந்தார். நான் டீ கொடுத்தேன், இஞ்சி போடாமல். ஷபீனா டப்பாவைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

அக்கா மூடியைத் திறக்கவில்லை. படத்தையே பார்த்தார். குனிந்து, கிட்டே வைத்துப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஷபீனா சொல்லிவிட்டாள்.

"மாமி, டப்பாவுல துரு வந்துடுச்சு. எடுக்கறப்ப பொட்டையும் துருன்னு நெனச்சு நான்தான் எடுத்துட்டேன். அப்பறந்தான் தெரிஞ்சுது. மன்னிச்சுக்குங்க."

அக்காவின் விரல் தொரசானியின் கன்னத்தைத் தடவியது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்து, நான் மனசுக்குள் ஓதாத துஆ இல்லை.

"பொட்டுக்கு அடியில என்னா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"துரு இருந்துச்சு மாமி."

"அதையும் எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன். சின்னதா பள்ளம் மட்டும் இருக்கு."

அக்கா எழுந்து போய் ரூம் கதவைச் சாத்திவிட்டு வந்தார். என் உயிர் பாதி போய்விட்டது. உட்கார்ந்தவர், முக்காட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நான் பதறிக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரிப்பு.

"அது திருஷ்டிப் பொட்டே இல்ல தங்கச்சி. கல்யாணமாகி வந்த புதுசுல ஈர டம்ளர இதுமேல வச்சு மறந்துட்டேன். காலையில பாத்தா கன்னத்துல துரு. எங்க மாமின்னா எனக்கு அவ்ளோ பயம். கையில கெடச்ச கண்மைய எடுத்து அப்பிட்டேன். அன்னிக்கே பாத்துட்டாங்க. 'யாரு வச்சது?'ன்னாங்க. 'நான்தான் மாமி, கண்ணு படக்கூடாதுல்ல'ன்னு வாயில வந்ததச் சொல்லிட்டேன். அவ்ளோதான். 'என் மருமக அக்கறையப் பாரு'ன்னு ஊர் பூரா காட்டினாங்க. அப்பறம் எங்க சொல்றது? ஒவ்வொரு பெருநாளுக்கும் வீடு சுத்தம் பண்றப்ப கதவச் சாத்திக்கிட்டு மைய புதுசா வப்பேன்."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இந்த அக்காவுக்கா நான் பயந்தேன்? இவர் என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளியாக இருக்கிறாரே!

சிரிப்பு அடங்கியது. அக்கா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குரல் தாழ்ந்துவிட்டது.

"அவங்க படுக்கையில இருந்தப்ப சொல்லிடலாம்னு பக்கத்துல போய் உக்காந்தேன். என் கையப் புடிச்சுக்கிட்டு, 'இந்த வீட்டுக்குக் கண்ணு படாமக் காப்பாத்தினவ நீ'ன்னாங்க. எங்க சொல்ல? ஒரு மனுஷிகிட்டயும் இத நான் சொன்னதில்ல." ஷபீனாவை நிமிர்ந்து பார்த்தார். "நீ வந்து உக்காரக்கூட இல்ல. நின்ன எடத்துலயே சொல்லிட்ட."

அக்கா ஷபீனாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். எந்தக் கேள்வி என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

அக்கா டப்பாவைத் திறந்து ஒரு நன்கத்தாயைக் கடித்தார். "ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்" என்றார். இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

கதவைத் திறந்து ஹாலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "மண்டபத்த அப்பறம் பேசலாம். நோன்புப் பெருநாள் முடிஞ்சு வர்ற மொதல் நல்ல நாளப் பாருங்க, அதுக்கு மேல தள்ளாதீங்க."

திரும்பி வந்து ஷபீனாவின் காதோடு சொன்னார். சொன்னது எனக்கும் நன்றாகவே கேட்டது.

"சீக்கிரம் வந்து சேரும்மா. அந்த வீட்டுல இன்னும் எதெதுல பொட்டு வச்சிருக்கேன்னு எனக்கே மறந்துபோச்சு."